ஸ்டாக் போட்டோகிராஃபி: மாறிவிட்ட சந்தைக்கு உங்கள் தொகுப்பைத் திருப்புவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டாக் போட்டோகிராஃபி என்பது படங்களை இணையத் தளங்களில் ஏற்றி, வாங்குபவர்களுக்குப் பயன்பாட்டு உரிமத்தை விற்பது. அப்படி ஒன்றிரண்டு தளங்களில் கணக்கு வைத்து, சில நூறு படங்களாவது ஏற்றியிருப்பவர்களுக்கானது இது. டவுன்லோடு குறைகிறது, ஒரு டவுன்லோடுக்குக் கிடைக்கும் காசும் குறைகிறது. உடனே பலரும் செய்வது, அதே மாதிரிப் படங்களை இன்னும் வேகமாக ஏற்றுவது. அது பலன் தராது.

வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள், கைகுலுக்கும் இருவர், மங்கலான விளக்கொளி போன்ற படங்களை எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுதான். இவற்றை இப்போது வாங்குபவரே ஏ.ஐ. கருவியில் சில நொடிகளில் உருவாக்கிக்கொள்கிறார். ஆனால் இன்ன ஊர், இன்ன தொழில், அதில் இன்ன படிநிலை, இன்ன தேதி என்று உண்மையாக இருந்தே தீர வேண்டிய படத்தை அவரால் உருவாக்க முடியாது. உங்கள் தொகுப்பை அந்தப் பக்கம் திருப்பும் வேலைகள் கீழே வரிசையாக உள்ளன. முந்தைய படியில் கிடைக்கும் தகவல் அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எல்லாத் தளங்களின் வருமான அறிக்கையையும் குறைந்தது கடந்த 12 மாதங்களுக்கு இறக்கி வையுங்கள். 24 மாதங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. பண்டிகைப் படங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் அசையும், மூன்று மாத அறிக்கையில் அவை செத்த படங்களாகத் தெரியும்.

கேமரா பதிவுசெய்த மூல ரா (RAW) கோப்புகள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய படத்தைத் திரும்ப எடிட் செய்ய ஜேபெக் போதாது.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும், லைட்ரூம் அல்லது டிஜிகேம் போல ஐ.பி.டி.சி. தகவலை (தலைப்பு, விளக்கம், கீவேர்டு போன்றவை) கோப்புக்குள்ளேயே எழுதும் ஒரு மென்பொருளும் போதும். புது லென்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. இந்தச் சந்தையில் பணம் பெரும்பாலும் லென்ஸ் குறையால் நழுவுவதில்லை. எதைப் படமெடுப்பது என்பதிலும், என்ன பெயர் கொடுப்பது என்பதிலும்தான் நழுவுகிறது.

2. இருப்பைக் கணக்கெடுங்கள்

படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பொருள்வாரியாகப் பிரியுங்கள்: உணவு, கோயில், கைத்தொழில், விவசாயம், அலுவலகம், பின்னணி, இயற்கை. ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள்: எத்தனை படம், ஓராண்டில் எத்தனை டவுன்லோடு, எத்தனை டாலர். கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் ஒரு படத்தின் ஆண்டு வருமானம் வரும்.

ஓர் உதாரணக் கணக்கு. 400 படங்கள் ஆண்டுக்கு 60 டாலர் தருகின்றன என்றால் சராசரி 15 சென்ட். அந்த 400-இல் கைத்தொழில் பிரிவில் 40 படங்கள் மட்டும் 36 டாலர் தந்திருந்தால், அங்கே சராசரி 90 சென்ட். மீதி 360 படங்களுக்குச் சேர்த்து 24 டாலர், அதாவது ஒரு படத்துக்கு 7 சென்ட்டுக்கும் கீழே. அடுத்த ஆறு மாத உழைப்பு எங்கே போக வேண்டும் என்பது இப்போது தெளிவு. மொத்த வருமானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

அடுத்து, டவுன்லோடே ஆகாத படங்களை இரண்டாகப் பிரியுங்கள். தளத்தில் அந்தப் பொருளைத் தேடினால் உங்கள் படத்துக்குச் சமமான ஆயிரக்கணக்கான படங்கள் வருகின்றனவா? அப்படியே விட்டுவிடுங்கள். போட்டி குறைவு, படமும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் யாரும் வாங்கவில்லையா? அங்கே கோளாறு தலைப்பிலும் கீவேர்டிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது குவியல்தான் மிகக் குறைந்த உழைப்பில் பலன் தரும். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் ஆகிய இரண்டு தளங்களிலும் ஏற்கப்பட்ட படத்தின் தலைப்பையும் கீவேர்டையும் பிறகும் திருத்தலாம். திருத்தும் முறை 7-ஆம் படியில் இருக்கிறது.

வழக்கமான தவறு: ஆத்திரத்தில் பழைய படங்களை அழிப்பது. இடத்துக்கு வாடகை இல்லை, எப்போதாவது விற்கவும் செய்யும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் அதுவரை சேர்ந்த தேடல் இடமும் போய்விடும்.

3. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பொருளை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள்.

முதலாவது: இந்தப் படம் தவறாக இருந்தால் வாங்குபவருக்குச் சிக்கல் வருமா? பாடநூல் வெளியீட்டாளர், செய்தி நிறுவனம், சுற்றுலா வழிகாட்டி, தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, இயந்திர உற்பத்தியாளரின் கேட்லாக் ஆகிய இடங்களில் போலிப் படம் அவமானத்தில் முடியும். அவர்கள் உண்மைப் படத்துக்குத்தான் பணம் கொடுப்பார்கள். ஒரு வலைப்பதிவின் தலைப்பில் அழகுக்குப் போடும் படத்துக்கு அந்த அவசியம் இல்லை.

இரண்டாவது: ஏ.ஐ. இதைத் தவறாக வரைகிறதா? ஏதாவது ஒரு கருவியில் நீங்களே கேட்டுப் பாருங்கள். தறியைக் கேட்டால், எங்கிருந்தோ வந்து எங்கேயும் போய்ச் சேராத நூல்கள் வரும். இயங்கும் பொறி, படிப்படியான செய்முறை, எழுத்துள்ள பலகை, குறிப்பிட்ட ஊரின் கட்டடம், ஒரு வட்டாரத்துக்கே உரிய உணவு ஆகியவற்றில் பிழை நிறைய வருகிறது. இது ஆண்டுதோறும் மாறும் என்பதால் ஒருமுறை பார்த்ததோடு விடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாகச் சோதியுங்கள்.

மூன்றாவது: உங்களால் அங்கே திரும்பத் திரும்பப் போக முடியுமா? ஒரு நாள் போய் 15 படம் எடுத்து வருபவரைவிட, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நான்கு பருவத்திலும் எடுப்பவரின் தொகுப்பு முழுமையாக இருக்கும். வெளிநாட்டு ஏஜென்சிக்காரரிடம் இல்லாத ஒரே வசதி உங்களுக்கு இதுதான். காஞ்சிபுரத்தில் இருந்தால் பட்டுத்தறி, தூத்துக்குடியில் இருந்தால் உப்பளம், ஈரோட்டில் இருந்தால் மஞ்சள், கோயம்புத்தூரில் இருந்தால் பம்ப்செட் பட்டறை. வெளியூர் வாசகர்களும் இதே கணக்கில் தங்கள் ஊரைப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு பொருளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு பொருளில் 60 முதல் 100 நல்ல படங்கள் சேர்ந்தால்தான் ஒரு படத்தைப் பார்த்தவர் அதே ஆளின் அடுத்த படத்தையும் எடுப்பார். பத்துப் பொருளில் பத்துப் பத்துப் படம் இருந்தால் எதுவும் தொகுப்பாக நிற்காது.

4. கேமராவை எடுக்குமுன் காகிதங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். படம் எடுத்த பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஆள் அடுத்த வாரம் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் தயங்குவார்.

முதலில் படம் எந்த வழியில் போகப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். விளம்பரத்துக்குப் பயன்படும் கமர்ஷியல் படமா, செய்திக்கும் கல்விக்கும் மட்டும் பயன்படும் எடிட்டோரியல் படமா? கமர்ஷியல் என்றால் அடையாளம் தெரியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மாடல் ரிலீஸ், அதாவது படத்தைப் பயன்படுத்த அவர் தரும் ஒப்புதல் படிவம் வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பச்சை குத்திய கை, தனித்த உடல்வாகு ஆகியவை அடையாளமாகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எடுத்த தேதி, கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து என ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. படமெடுப்பவரே சாட்சியாக இருக்க வேண்டாம். ஈஸி ரிலீஸ் போன்ற மொபைல் செயலியில் அங்கேயே விரலால் கையெழுத்து வாங்கி பி.டி.எஃப். ஆக்கிவிடலாம்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்திடுபவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் வரிவரியாகச் சொல்லுங்கள். அவர் முகம் உலகில் எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் வரலாம், பிறகு திரும்பப் பெறுவது கடினம், ஏ.ஐ. பயிற்சிக்கும் போகலாம் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் வேண்டாம். நெசவுத் தெருவில் ஒருவர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் அந்தத் தெருவில் இனி யாருக்கும் கதவு திறக்காது. அதைவிட முக்கியம், அது அவருடைய முகம்.

பட்டறை, கடை, வீட்டின் உட்புறம் ஆகியவற்றுக்கு உரிமையாளரிடம் பிராப்பர்ட்டி ரிலீஸ் (இடத்துக்கான ஒப்புதல் படிவம்) வாங்குங்கள். சேலையின் வடிவமைப்பு தனித்துவமானது என்றால் அதையும் ரிலீஸில் குறிப்பிடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்கவும் வணிகப் படப்பிடிப்புக்கும் முன் அனுமதி தேவை. கோயில்களில் நிர்வாகத்தின் விதியைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

5. படமெடுப்பு: ஒரு தொழிலைத் தொடக்கம் முதல் முடிவு வரை

காஞ்சிபுரம் பட்டு நெசவை எடுத்துக்கொள்வோம். இதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுச் சேலை என்று தேடினால் கட்டியிருக்கும் பெண்ணும், மடித்துவைத்த சேலையும் குவியும். நெசவின் இடைப்பட்ட படிகள் அந்த அளவுக்கு வராது. உங்கள் இடம் அந்த இடைவெளிதான்.

எடுக்க வேண்டியவை, வேலை நடக்கும் வரிசையில்:

1. சாயத் தொட்டியில் பட்டு நூலை முக்குவது, காயப்போடுவது
2. தார் சுற்றுவது (குறுக்கு நூலை நாடாவுக்குள் வைக்கும் சிறு கட்டையில் சுற்றுவது)
3. தெருவில் பாவு (நீளவாக்கு நூல்) நீட்டிப் பிரிப்பது. இது அதிகாலையில் நடக்கும், முந்தைய நாளே விசாரித்துவையுங்கள்
4. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது
5. தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி (சேலையின் வடிவமைப்பை நெய்ய உதவும் கருவி), அதன் துளையிட்ட அட்டைகள்
6. குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கால் மிதியில் இருப்பது
7. நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) பாவுக்குள் போவது
8. கோர்வை: உடலும் கரையும் வேறு நிறமாக, மூன்று நாடாக்களோடு, நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து நெய்வது
9. முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பது, மடிப்பது

ஒவ்வொரு படிக்கும் நான்கு விதப் படங்கள் போதும்: இடம் முழுதும் தெரியும் ஒன்று, ஆளும் கருவியும் தெரியும் நடுத்தர ஒன்று, கையும் நூலும் மட்டும் தெரியும் நெருக்கமான ஒன்று, எழுத்துப் போட ஒரு பக்கம் காலியாக விட்ட ஒன்று. கடைசி இரண்டை நிமிர்த்தியும் கிடத்தியும் எடுங்கள். மொபைல் திரைக்கு நிமிர்ந்த படம் தேவைப்படுகிறது, பலர் கிடத்தியே எடுத்து வருகிறார்கள். ஒன்பது படிகளுக்கு இந்தக் கணக்கில் 54 படங்கள். ஒரே கோணத்தில் 20 படம் எடுத்து எல்லாவற்றையும் ஏற்றினால் ஒத்த படங்கள் என்ற காரணத்தில் நிராகரிப்பு வரும்.

தறிவீட்டில் வெளிச்சம் குறைவு. வாசல் பக்கப் பகல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் அனுமதியோடு டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டும் கலந்தால் பட்டின் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் போகும், நிறம்தான் அந்தச் சேலையின் அடையாளம். அணைக்க முடியாவிட்டால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகங்களில் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழலாம். நாடா உறைந்து நிற்க 1/500, அது ஓடும் தடம் தெரிய 1/15 முயன்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வாங்குபவருக்குப் பயன்படும்.

கமர்ஷியல் படத்தில் எந்த லோகோவும் தெரியக் கூடாது. ஏறக்குறைய எல்லாத் தறிவீட்டுச் சுவரிலும் நகைக்கடைக் காலண்டர் தொங்கும். அதில் கடையின் பெயரும் இருக்கும், சாமி ஓவியத்துக்கு ஓவியரின் காப்புரிமையும் இருக்கும். எடுக்குமுன் கழற்றி வையுங்கள், எடுத்தபின் மாட்டிவிடுங்கள். மின்விசிறி, செருப்பு, டி-ஷர்ட், மொபைல், தண்ணீர் பாட்டில், வண்டி நம்பர் பிளேட் ஆகியவற்றையும் பாருங்கள். அங்கேயே நகர்த்த ஒரு நிமிடம் ஆகும், எடிட்டில் அழிக்கப் படத்துக்கு அரை மணி நேரம்.

அதே இடத்தில் வீடியோவும் எடுத்துவிடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, 4கே, முக்காலியில் ஆடாமல் 10 முதல் 20 நொடி. அடோபியும் ஷட்டர்ஸ்டாக்கும் 5 முதல் 60 நொடி வரையிலான துண்டுகளை ஏற்கின்றன. ஓடும் தறியை நகராத படத்தைவிட வீடியோ நன்றாக விளக்கும், படைப்பாளருக்கான சதவீதமும் சில தளங்களில் கொஞ்சம் கூடுதல்: அடோபியில் படத்துக்கு 33, வீடியோவுக்கு 35. ஐஸ்டாக் தளத்தில் எக்ஸ்க்ளூசிவ் அல்லாதவருக்கு (அந்தத் தளத்துக்கு மட்டும் தருவதாக ஒப்பந்தம் செய்யாதவருக்கு) படத்துக்கு 15, வீடியோவுக்கு 20.

புறப்படுமுன் கேமராவின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். எடிட்டோரியல் படத்துக்குத் தேதி தவறினால் படமே தவறு.

6. எடிட்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

கோப்பு எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணத்தில், உயர்தர ஜேபெக்காக இருக்கட்டும். அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டுக்கும் குறைந்தது 4 மெகாபிக்சல். அலமி தளத்துக்குச் சுருக்காத நிலையில் 17 எம்.பி.க்கு மேல், அதாவது ஏறக்குறைய 6 மெகாபிக்சல். அலமியில் இன்னொன்றும் உண்டு: ஒரு தொகுதியில் சில படங்களை மட்டும் எடுத்துத் தரம் பார்ப்பார்கள், ஒன்று தோற்றால் தொகுதி முழுதும் திரும்பும். அங்கே சிறுசிறு தொகுதிகளாக அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் 100 சதவீத அளவில் பார்த்து, ஃபோகஸ் கண்ணிலோ கருவியிலோ சரியாக விழுந்திருக்கிறதா, சென்சார் தூசி இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு அனுப்புங்கள்.

எடிட்டோரியல் படத்தில் வெளிச்சம், நிறம், சாய்வு ஆகியவற்றை மட்டும் சரிசெய்யலாம். ஒரு கம்பியைக்கூட அழிக்கக் கூடாது.

கமர்ஷியல் படத்தில் லோகோவைப் பழைய குளோன் கருவியால் அழிக்கலாம். ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் போன்றவற்றைப் பயன்படுத்தினால் அந்தப் பகுதி ஏ.ஐ. உருவாக்கியதாகிவிடும். அதைச் சில தளங்கள் ஏற்பதே இல்லை. எல்லாத் தளங்களுக்கும் ஒரே கோப்பு போக வேண்டும் என்றால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

7. தலைப்பும் கீவேர்டும்

நல்ல படங்கள் காணாமல் போவது இங்கேதான், நேரத்தை இதில் செலவழியுங்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் தேடுவதால் எழுதுவதும் ஆங்கிலத்தில்தான். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக யார், என்ன செய்கிறார், எந்தக் கருவியால், எங்கே என்று சொல்ல வேண்டும். ‘அழகான பாரம்பரிய நெசவு’ என்பதை யாரும் தேடமாட்டார்கள். ‘காஞ்சிபுரத்தில் குழித்தறியில் கோர்வைக் கரை நெய்யும் நெசவாளர்’ என்ற பொருள்பட எழுதினால் தேடுபவர் வந்து சேருவார்.

கீவேர்டுகளை மூன்று அடுக்காகச் சேருங்கள். முதலில் படத்தில் கண்ணால் காண்பவை: தறி, நாடா, கை, பட்டு நூல், ஜரிகை. அடுத்து பெயர்கள்: ஊர், மாநிலம், நாடு, தொழில்நுட்பத்தின் பெயர். கடைசியாகக் கருத்து: கைத்தொழில், குடிசைத் தொழில், திறமை. மூன்றாவது அடுக்கில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

ஊர்ப் பெயர்களில் எழுத்து வேறுபாடு பணத்தைத் தின்னும். சேலைச் சந்தையில் காஞ்சிவரம் என்றே பலர் தேடுவார்கள், வரைபடத்தில் காஞ்சிபுரம். இரண்டையும் போடுங்கள். தூத்துக்குடியோடு டூட்டிகோரின், திருச்சிராப்பள்ளியோடு திருச்சி. உணவுக்கு உள்ளூர்ப் பெயரும் பொது விளக்கமும் சேர்ந்து வரட்டும்: வெண்பொங்கல் என்ற பெயரோடு அரிசியும் பருப்பும் சேர்ந்த காலை உணவு என்ற விளக்கம். செடிகொடிக்குத் தாவரவியல் பெயர் கட்டாயம், பாடநூல்காரர் அதைத்தான் தட்டச்சுவார்.

அடோபியில் 49 கீவேர்டு வரை போடலாம். அங்கே வரிசைக்கு மதிப்பு உண்டு, முதல் 10 இடங்களில் மிக முக்கியமானவற்றை வையுங்கள். ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை. உச்ச எண்ணை எட்டுவதற்காகத் தொடர்பில்லாத சொற்களைத் திணித்தால் தேடலில் காட்டப்பட்டும் யாரும் தொடாத படமாகிக் கீழே இறங்கும். 25 முதல் 35 சரியான சொற்கள் தாராளமாகப் போதும்.

எடிட்டோரியல் என்றால் விளக்கத்தின் தொடக்கம் ஒரே அச்சில் இருக்க வேண்டும்: ஊர், நாடு, தேதி, பிறகு முக்காற்புள்ளி, பிறகு நடந்தது என்ன என்ற ஒற்றை வாக்கியம். ‘மதுரை, இந்தியா – 2025 ஜனவரி 14:’ என்பது போல, ஆங்கிலத்தில். கருத்தோ வருணனையோ வேண்டாம்.

இவற்றை ஒவ்வொரு தளத்திலும் தட்டச்சாமல் கோப்பின் ஐ.பி.டி.சி. புலங்களிலேயே எழுதிவிடுங்கள். எந்தத் தளத்துக்கு அனுப்பினாலும் கூடவே போகும்.

கீவேர்டை ஏ.ஐ. கருவி தானாகத் தருமே என்றால், பொதுச் சொற்களுக்கு உதவும். ஆனால் கோர்வையையும் பேட்டினியையும் (முந்தானையை உடலோடு இணைக்கும் முறை) அது பிரித்தறிந்து சொல்லும் என்று நம்பாதீர்கள். அந்தச் சொற்கள்தான் உங்கள் படத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கின்றன.

8. எங்கே ஏற்றுவது

பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்க்ளூசிவ் அல்லாத வழியே பொருந்தும்: ஒரே படத்தைப் பல தளங்களில். முதல் இடம் அடோபி ஸ்டாக். சதவீதம் நிலையாக இருக்கிறது, வடிவமைப்பாளர்கள் ஃபோட்டோஷாப்பிலிருந்தே தேடி வாங்குகிறார்கள். எடிட்டோரியலுக்கு அங்கே வாசல் குறுகல். செய்தித்தன்மை உள்ள படங்களை ஷட்டர்ஸ்டாக்குக்கும் அலமிக்கும் அனுப்புங்கள்.

ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் ஆறு நிலைகள் உள்ளன. ஆண்டின் முதல் 100 டவுன்லோடுக்கு 15 சதவீதம், 101 முதல் 250 வரை 20, 500 வரை 25, 2,500 வரை 30, 25,000 வரை 35, அதற்கு மேல் 40. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லோரும் முதல் நிலைக்குத் திரும்புவார்கள். சந்தா வாங்கியவரின் டவுன்லோடு 10 சென்ட்டுக்கு இறங்குவது சகஜம். 250 முறை இறங்கினால்தான் 25 டாலர். பெரிய தொகுப்பு இல்லாதவர்கள் அந்தத் தளத்தை முதன்மையாக நம்பக் கூடாது. ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டி இமேஜஸும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. விற்பனை இடங்கள் சுருங்கிவரும் நிலையில் ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது ஆபத்து.

இரண்டு தவறுகளுக்கு மருந்தே இல்லை. ஒரு படத்தை ஒரு தளத்தில் ராயல்டி ஃப்ரீயாகவும் (ஒருமுறை வாங்கியவர் பலமுறை பயன்படுத்தலாம்) இன்னொன்றில் ரைட்ஸ் மேனேஜ்டாகவும் (ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி உரிமம்) போடுவது ஒன்று. ரைட்ஸ் மேனேஜ்ட் வாங்கியவர், அதே படம் எங்கெங்கே பயன்பட்டது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. இன்னொன்று, விளம்பரமாக இருக்கட்டும் என்று நல்ல படத்தை அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்சபே போன்ற இலவசத் தளங்களில் போடுவது. அங்கிருந்து இறக்கியவருக்குக் கிடைத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது.

பண்டிகைப் படங்களை இரண்டு மூன்று மாதம் முன்னதாக ஏற்றுங்கள். பொங்கலுக்கு வேண்டியதை வாங்குபவர் அக்டோபர், நவம்பரிலேயே தேடத் தொடங்குவார். அதனால் இந்தப் பொங்கலில் எடுப்பது அடுத்த பொங்கலுக்கான சரக்கு.

9. ஏ.ஐ. தொடர்பான விதிகள்

இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உதவிப் பக்கத்தைப் படியுங்கள். இப்போதைய அடிப்படை இது. அடோபி ஸ்டாக் ஏ.ஐ. உருவாக்கிய படங்களை அடையாளக் குறியோடு ஏற்கிறது. கெட்டியும் ஐஸ்டாக்கும் 2022 செப்டம்பரிலேயே தடைசெய்துவிட்டன. ஷட்டர்ஸ்டாக் படைப்பாளர்களிடமிருந்து அவற்றை ஏற்பதில்லை. குறியிடாமல் ஏற்றிப் பிடிபட்டால் கணக்கே போகலாம், அத்தனை ஆண்டு தொகுப்போடு.

உங்கள் படங்கள் பயிற்சிக்குப் போவது தனிக் கேள்வி. ஷட்டர்ஸ்டாக் கணக்கின் அமைப்புகளில் இதிலிருந்து விலகும் பொத்தான் உண்டு. விலகாதவர்களுக்குப் படைப்பாளர் நிதியிலிருந்து சிறு தொகை பிரித்துத் தரப்படுகிறது. அடோபி தன் ஸ்டாக் தொகுப்பைக் கொண்டு தன் ஏ.ஐ. படக் கருவியான ஃபயர்ஃபிளையைப் பயிற்றுவித்தது, 2023 செப்டம்பரில் படைப்பாளர்களுக்கு முதல் போனஸ் கொடுத்தது. விலகுவதா இருப்பதா என்பது அவரவர் முடிவு. ஆனால் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பது முடிவாகாது, இன்றே போய்ப் பாருங்கள்.

ஏ.ஐ. படம் செய்து விற்பது இந்த வழிகாட்டியின் பரிந்துரை அல்ல. வாங்குபவர் தானே செய்துகொள்ளக்கூடிய சரக்கைத்தான் அதில் மறுபடியும் விற்கப் பார்க்கிறோம்.

10. பணமும் வரியும்

கணக்கு திறந்ததும் டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். இந்தியாவில் வசிப்பவர் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் எழும் ராயல்டிக்கு 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம் பிடிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் வசிப்பவர்களுக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாம் ஆண்டின் முடிவு வரை செல்லும். காலாவதியானதைக் கவனிக்காமல் 30 சதவீதம் இழப்பவர்கள் நிறைய. காலண்டரில் குறித்துவையுங்கள்.

அங்கே பிடித்த வரிக்கு இந்திய வருமான வரியில் கழிவு கோரலாம். அதற்குத் தனிப் படிவம் உண்டு, பிடித்தத்துக்கான சான்றும் வேண்டும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால் பேபால் அல்லது பேயோனியர் வழியாக எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் பரிமாற்றத்தில் கொஞ்சம் போகும் என்பதால் பொறுத்திருந்து பெரிய தொகையாக எடுங்கள்.

11. ஏஜென்சித் தளங்களுக்கு வெளியே நேரடியாக விற்பது

ஒரு பொருளில் 60 படங்கள் சேர்ந்த பிறகு மட்டும் இதைத் தொடங்குங்கள். அதற்கு முன் காட்ட எதுவும் இருக்காது.

சொந்தமாக ஒரு சிறு வலைத்தளம் போதும். படங்களின் ஐ.பி.டி.சி. தகவலில் இரண்டு புலங்களை நிரப்புங்கள்: உரிமை விவரம் உள்ள பக்கத்தின் முகவரி, உரிமம் வாங்கும் பக்கத்தின் முகவரி. இவை இருந்தால் கூகுள் படத் தேடலில் அந்தப் படத்தின் மேல் உரிமம் வாங்கலாம் என்ற குறி வரும். சமூக ஊடகத்தில் போட்ட கோப்பில் இந்தத் தகவல் அழிந்துபோக வாய்ப்புண்டு, சொந்தத் தளத்தில் இருக்கும் பிரதிதான் கணக்கு.

பாடநூல் வெளியீட்டாளர், கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதியாளர், ஆவணப்பட நிறுவனம் போன்றோருக்கு 12 படங்கள் கொண்ட ஒரு பி.டி.எஃப். அனுப்புங்கள். அதில் தொழிலின் எல்லாப் படிகளும் உங்களிடம் உண்டு என்பது தெரிய வேண்டும்.

விலை சொல்லுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: எதற்கு, எந்த நாடுகளில், எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பிரதிகள், வேறு யாருக்கும் விற்கக் கூடாதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், ஏற்கெனவே ஏஜென்சியில் இருக்கும் படத்தை அவருக்குக் கொடுக்க முடியாது, புதிதாக எடுத்துத் தர வேண்டும். அதற்குக் கட்டணமும் பல மடங்கு. பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகே பெரிய அளவுக் கோப்பை அனுப்புங்கள்.

12. எப்போது அளந்து பார்ப்பது

புதிய தொகுப்பு முழுதும் ஏறி ஆறு மாதம் ஆன பிறகு 2-ஆம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள். அதற்கு முன் பார்த்தால் படங்கள் தேடலில் இடம் பிடித்திருக்காது. திருத்திய கீவேர்டுகளுக்கும் அதே காலம்.

புதிய பிரிவின் ஒரு பட வருமானம் உங்கள் பழைய சராசரியைத் தாண்டியிருந்தால் அதே பொருளில் பருவம் மாற்றி அடுத்த சுற்று எடுங்கள். தாண்டவில்லை என்றால் முதலில் கீவேர்டைப் பாருங்கள், பிறகு பொருளை மாற்றுங்கள். ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஜனவரியில் ஷட்டர்ஸ்டாக்கின் சதவீதம் கீழே இறங்கியிருக்கும். டிசம்பரோடு வைத்துப் பார்த்தால் உங்கள் படங்களே தோற்றுவிட்டதாகத் தவறாகத் தோன்றும்.